போர்டு மாத்தினா ஃபார்மட் அடிக்கணுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு. திருவண்ணாமலைக் கடைக்காரர்களுக்கு இதைவிட வேண்டாத தேதி அமைந்திருக்காது. தீபாவளி முடிந்த கையோடு ஊர் கார்த்திகை தீபத்துக்குத் தயாராகத் தொடங்கிவிடும். அந்த ஆண்டு டிசம்பர் 3-இல் மகாதீபம். அன்னதான நோட்டீஸ், உபயதாரர் பெயர் போட்ட பேனர், கல்யாணப் பத்திரிகை, லாட்ஜ் அறைப் பதிவு என்று ஊரின் கணினிகளுக்கு ஓய்வே இல்லாத இரண்டு மாதம் அது.

இந்த ஊர் டி.டி.பி. கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் இருப்பவை பெரும்பாலும் அசெம்பிள்டு சிஸ்டங்கள்தான். 2011-இல் சந்தைக்கு வந்த எச்61 சிப்செட் போர்டும் டி.டி.ஆர்.3 ராமும் போட்ட கணினி இன்னும் ஓடுகிறது என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் விண்டோஸ் 11-க்கு அது போதாது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர், டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் எல்லாம் வேண்டும். அப்படியானால் போர்டை மாற்ற வேண்டும். போர்டை மாற்றினால் ப்ராசஸரும் ராமும் கூடவே மாறும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து மூன்றையும் வரவழைத்து மாட்டுவதற்கு முன், சர்வீஸ்காரர் வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்பார்: “அண்ணா, போர்டு மாத்தினா ஓ.எஸ். புதுசாத்தான் போடணும். ஃபார்மட் அடிச்சிடட்டுமா?”

கடைக்காரர் “சரிப்பா” என்று தலையாட்டிவிடுவார். அவசரப்பட வேண்டாம். சர்வீஸ்காரர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பணமும் பல வருட வேலையும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

விண்டோஸ் 11-க்காக அல்லாமல் பழுது என்று சொல்லி மாற்றுவதானால், போர்டு போய்விட்டது என்ற முடிவே சரிதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். போர்டின் மேல் நாணயம் போல ஒரு செல் இருக்கும், சி.ஆர்.2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அது தீர்ந்துபோனால் கணினி தேதியை மறக்கும். பேங்க் இணையதளம் திறக்காது, பாதுகாப்பு எச்சரிக்கை வரும். பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பும். ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் முறை அப்படி மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். பார்ப்பவர் கண்ணுக்குப் போர்டே போன மாதிரி இருக்கும். செல்லை மாற்றி, பயாஸில் பழைய அமைப்பை வைத்தால் தீர்ந்தது. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பலவீனமானாலும் இதே போன்ற குழப்பம்தான். வேறு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிப் பார்க்காமல் போர்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் சர்வீஸ்காரரை நம்ப வேண்டியதில்லை.

போர்டு உண்மையிலேயே மாறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஓ.எஸ்.ஸுக்கு என்ன ஆகிறது? டிஸ்க்கைத் தேடிப் பிடிக்கும் கன்ட்ரோலர், நெட்வொர்க், ஆடியோ, யு.எஸ்.பி. எல்லாம் போர்டில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இயக்க ஒரு டிரைவர் தேவை. சொந்த வீட்டில் இருட்டிலும் சுவிட்ச் இருக்கும் இடம் கைக்குத் தெரியும். புது வீட்டில் சுவரெல்லாம் தடவ வேண்டும். பழைய டிஸ்க்கைப் புதுப் போர்டில் மாட்டும்போது விண்டோஸின் நிலைமை அதுதான்.

எக்ஸ்.பி. காலத்தில் இந்தத் தடவலுக்கே இடமில்லை. எக்ஸ்.பி. நிறுவப்படும்போதே அந்தப் போர்டின் மின் மேலாண்மை முறையையும் ப்ராசஸர் எண்ணிக்கையையும் பார்த்து, அதற்கேற்ற அடித்தளத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். வேறு வகைப் போர்டில் அந்த டிஸ்க்கை மாட்டினால் பெரும்பாலும் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத்திரைதான். தன் சொந்த டிஸ்க்கையே விண்டோஸால் தொட முடியவில்லை என்று அதற்குப் பொருள். ‘போர்டு மாத்தினா ஃபார்மட்’ என்ற சட்டம் சர்வீஸ் கடைகளில் பிறந்தது அந்தக் காலத்தில்தான். பின்னால் வந்த பதிப்புகளில் இந்த இறுக்கம் தளர்ந்தது. விண்டோஸ் 10-உம் 11-உம் பல நேரங்களில் புதுப் போர்டிலும் எழுந்து நின்றுவிடும். “சாதனங்களைத் தயார்செய்கிறது” என்று சிறிது நேரம் சுற்றும், ஓரிரு முறை ரீஸ்டார்ட் ஆகும், பிறகு டெஸ்க்டாப் வந்துவிடும். எச்61 போர்டுக்குப் பதில் இன்னொரு எச்61 போர்டு என்றால் மாற்றம் நடந்ததே தெரியாமலும் போகலாம்.

ஆனால் பதின்மூன்று, பதினான்கு வருடப் பழைய போர்டிலிருந்து இன்றைய போர்டுக்குத் தாவும்போது வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. பழைய கணினிகளில் டிஸ்க் எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். இன்டெல்லின் 500 வரிசை முதலான போர்டுகளில், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் பழைய பயாஸ் முறை பூட் கிடையாது; ஜி.பி.டி. என்ற புது முறையில் பிரித்த டிஸ்க்தான் வேண்டும். பழைய டிஸ்க்கை மாட்டினால் நீலத்திரைகூட வராது. பூட் ஆக எதுவுமில்லை என்று பயாஸ் திரையிலேயே நிற்கும். அழிக்காமல் மாற்றித் தர, எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவியை விண்டோஸ் 10-இல் 2017 முதல் மைக்ரோசாஃப்ட் கொடுக்கிறது. அதற்கும் நிபந்தனை உண்டு: டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. நம் ஊரிலோ டிஸ்க்கை சி, டி, இ என்று பிரிக்காவிட்டால் சர்வீஸ்காரருக்குத் தூக்கம் வராது. விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் சிறு பகுதியையும் சேர்த்தால் நான்காவது எக்ஸ்டெண்டட் ஆகிவிடும்; கருவி மறுத்துவிடும்.

அடுத்தது லைசென்ஸ். சர்வீஸ் கடைகளில் அதிகம் பேசப்படாத விஷயம் இது.

விண்டோஸில் ஆக்டிவேஷன் என்ற பூட்டு 2001-இல் எக்ஸ்.பி.யோடு வந்தது. கணினியின் பாகங்களிலிருந்து ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டு, அதனோடு லைசென்ஸைக் கட்டுவது அதன் வேலை. இன்று அந்த அடையாளத்தின் அச்சாணி மதர்போர்டு. ராம் கூட்டலாம், டிஸ்க் மாற்றலாம், விண்டோஸ் கண்டுகொள்ளாது. போர்டு மாறினால் மட்டும் அதன் கணக்கில் இது வேறு கணினி.

கடையில் தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் என்றால் பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதியதற்குக் கொண்டுபோகலாம். கம்பெனி டெஸ்க்டாப், லேப்டாப்களோடு வரும் ஓ.இ.எம். லைசென்ஸ் அப்படியில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து அதன் கீ போர்டின் உள்ளேயே பதிக்கப்பட்டு வருகிறது. போர்டைத் தூக்கி எறிந்தால் கீயும் அதோடு போகும். பழுதான போர்டுக்குப் பதில் அதே கம்பெனி அதே வகைப் போர்டு போட்டுத் தருவது மட்டும் இதற்கு விலக்கு. உங்கள் விண்டோஸ் எந்த வகை என்று தெரியாவிட்டால் போர்டைக் கழற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. அது உங்கள் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்: செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால் ‘மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்ட டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருக்க வேண்டும். இணைக்கும் இந்த வசதி 2016 ஆகஸ்டில் வந்தது. இணைத்திருந்தால், புதுப் போர்டில் அதே கணக்கில் நுழைந்து, ட்ரபுள்ஷூட் பகுதியில் ‘சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மாற்றத்துக்கு இடம் தரும் லைசென்ஸைத் திரும்பப் பெற முயலலாம். இணைக்காமல் போர்டை மாற்றிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அந்தக் கணக்கு யாருடைய மெயிலில், யாருடைய செல்போன் எண்ணில் தொடங்கப்பட்டது என்பதையும் பாருங்கள். வேலையை விட்டுப் போன பையனின் மெயிலில் கடையின் லைசென்ஸ் இருந்தால், ஓ.டி.பி.க்காக அவனைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

லைசென்ஸே இல்லாத அசெம்பிள்டு சிஸ்டங்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பென்டிரைவில் ஓர் ஆக்டிவேட்டர் வரும். “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்கண்ணா” என்ற வேண்டுகோளும் கூடவே வரும். வாடிக்கையாளரின் ஆதாரும் கைரேகையும் புழங்கும் மேசையில், காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு முகம் தெரியாதவரின் நிரலை உள்ளே விடுவது எந்தக் கணக்கில் சிக்கனம் என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் பிட்லாக்கர் என்ற வசதி டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. அந்தப் பூட்டின் சாவி டி.பி.எம்.மில் இருக்கும், டி.பி.எம். இருப்பது போர்டிலோ ப்ராசஸரிலோ. இரண்டையும் கழற்றிவிட்டுப் புதியதில் டிஸ்க்கை மாட்டினால் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அது இருக்கலாம். அங்கும் இல்லை, எழுதியும் வைக்கவில்லை என்றால் அந்த டிஸ்க்கில் இருப்பதை எந்த டேட்டா ரெக்கவரி கடையும் மீட்டுத் தர முடியாது. போர்டில் கை வைக்கும் முன் பிட்லாக்கரை நிறுத்திவைக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

இவ்வளவும் தொழில்நுட்பச் சிக்கல்கள். வழி தெரிந்தால் கடந்துவிடலாம். ‘ஃபார்மட்’ என்ற சொல்லால் உண்மையான நஷ்டம் வருவது வேறு இடத்தில், சி டிரைவில். “முக்கியமானதெல்லாம் டி டிரைவில் இருக்கு” என்று எல்லோரும் சொல்கிறார்கள். டெஸ்க்டாப்பில் கொட்டிக் கிடப்பதும் டவுன்லோட்ஸும் டாக்குமெண்ட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்கு ஃபார்மட்டுக்குப் பிறகே தெரியவருகிறது. டி டிரைவ் பேக்கப்பும் ஆகாது. ஒரே டிஸ்க்கின் இன்னொரு துண்டு அது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

தமிழ் டி.டி.பி. கடைக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஃபான்ட். விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஒரு பெட்டியில் பாமினி, வானவில் அவ்வையார் என்று இருபது வருடச் சேகரம் உட்கார்ந்திருக்கும். தமிழ்நாடு அரசு 1999-இல் தமிழ் 99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. 2010-இல் ஒருங்குறியை அரசுத் தரமாக ஏற்றது. அச்சுத் தொழிலில் அந்த மாற்றம் முழுதாக நடக்கவில்லை. பேஜ்மேக்கரிலும் பழைய கோரல்டிராவிலும் அடித்து வைத்த ஆயிரக்கணக்கான பத்திரிகைகளும் நோட்டீஸ்களும் ஒருங்குறிக்கு முந்தைய ஃபான்ட்களில் இருக்கின்றன. உரிய ஃபான்ட் இல்லாமல் அந்தக் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை தெரியும். அதே பெயரில் வேறொரு பதிப்பு ஃபான்ட் கிடைத்தாலும் ஒற்றும் கொம்பும் இடம் மாறி நிற்கலாம். போன வருடத்து நோட்டீஸைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அச்சடிக்கும் கடைக்கு, அந்தக் கோப்புறையின் நகல் புதுப் போர்டைவிட விலை மதிப்புள்ளது.

டாங்கிள் வைத்து ஓடும் பழைய மென்பொருள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பிரிண்டர் ஒயர் மாட்டும் 25 ஊசி பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் என்றால், இன்றைய போர்டுகள் பலவற்றின் பின்பக்கத்தில் அதற்கு இடமே கிடையாது. யு.எஸ்.பி. கன்வெர்ட்டர்கள் பிரிண்டரோடு பேசும். டாங்கிளோடு பெரும்பாலும் பேசாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு இல்லாததால் 16 பிட் இன்ஸ்டாலரோடு வந்த 90-களின் நிரல்களை அதில் நிறுவவும் முடியாது. இப்படிப்பட்ட மென்பொருளைத்தான் கடை நம்பியிருக்கிறது என்றால் நியாயமான தீர்வு ஒன்று உண்டு: பழைய சிஸ்டத்தை இணையத்திலிருந்து துண்டித்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் புதியது.

டேலி வைத்திருப்பவர்கள் போர்டைக் கழற்றுவதற்கு முன் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்ய வேண்டும். அதுவும் கணினியோடு கட்டப்பட்டதுதான். இ-சேவை மையம் என்றால் கைரேகைக் கருவிக்கான ஆர்.டி. சர்வீஸையும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். ஆசிரமப் பக்கத்து விடுதிகளுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். சர்வீஸ்காரர் “நாளைக்கு வந்து போடறேன்” என்று சொன்னாலும் அந்தக் கெடு நிற்காது. வேறு கணினி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் போர்டைக் கழற்ற வேண்டும்.

லினக்ஸ் பக்கம் இந்தத் தலைவலி குறைவு. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன, எழும்போதெல்லாம் எந்தச் சாதனம் இருக்கிறது என்று அது புதிதாகப் பார்க்கிறது. உபுண்டு நிறுவிய டிஸ்க்கை வேறு போர்டில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே எழும். சில நேரம் பயாஸில் பூட் பதிவை மட்டும் மறுபடி சேர்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பதிவு பழைய போர்டின் நினைவகத்தில் இருந்தது. லைசென்ஸ் பூட்டோ ஆக்டிவேஷனோ கிடையாது.

தமிழ்நாடு இந்தப் பாதையை அறியாத மாநிலமும் இல்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது மாநில அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்.பி.க்கான ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி மாநில அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. கேரளப் பள்ளிகளோ தங்களுக்கென வடிவமைத்த லினக்ஸை ஆண்டுக்கணக்கில் நடத்திக் காட்டியிருக்கின்றன. இங்கே அப்படி வேர் பிடிக்கவில்லை. காரணம் மென்பொருளின் தரம் அல்ல. ஆசிரியருக்கும் சர்வீஸ்காரருக்கும் தொடர்ந்து பயிற்சி கொடுக்காமல் டிஸ்க்கில் லினக்ஸை மட்டும் போட்டுக் கொடுத்தால் அது இரண்டாவது பூட் தேர்வாகவே கிடக்கும்.

வீட்டுக்கும் லாட்ஜ் முன்மேசைக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் லினக்ஸ் தாராளமாகப் போதும். எச்61 போர்டிலேயே ஓடும், போர்டு வாங்கும் செலவே மிச்சம். டி.டி.பி. கடைக்கு அது ஒத்துவராது. பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் அங்கே நேரடியாக ஓடாது. ஊரெங்கும் சாகாவரம் பெற்று உழைக்கும் கேனான் எல்.பி.பி. 2900 பிரிண்டரை லினக்ஸில் ஓட வைப்பதும் எளிதான காரியம் அல்ல.

சரி, ஃபார்மட் அடிக்க வேண்டுமா? விண்டோஸ் என்றால், பழைய போர்டிலிருந்து பல தலைமுறை தாண்டிய போர்டுக்குப் போகும்போது புதிதாக நிறுவுவதே மேல். பழையது எழுந்துவிட்டாலும், செத்த டிரைவர்களின் மிச்சத்தோடு ஓடும் சிஸ்டம் கோடையில் ஒரு நாள் காரணமே தெரியாமல் தொங்கும். காரணம் தேடிச் செலவாகும் நேரத்தில் இரண்டு முறை ஓ.எஸ். போட்டுவிடலாம். ஆனால் புதிதாக நிறுவ, பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இங்கேதான் சர்வீஸ்காரரின் வழக்கத்தை மறுக்க வேண்டும். போர்டோடு சேர்த்து ஒரு புது எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். விண்டோஸை அதில் போடச் சொல்லுங்கள். நிறுவும் நேரத்தில் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்ஸ்டாலர் பூட் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் எழுதிவிடக்கூடும், பின்னால் அதைக் கழற்றினால் புதியதும் எழாது. எல்லாம் ஓடிய பிறகு பழையதை மாட்டி ஃபான்ட், டேலி டேட்டா, டெஸ்க்டாப் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம்.

நிறுவும் பென்டிரைவை 8 ஜி.பி. அளவில், மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கருவியிலேயே தயாரிக்கலாம். புதுப் போர்டின் லான் டிரைவரையும் அதிலேயே ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போது இணையம் கேட்கும். லான் டிரைவர் இல்லாமல் இணையம் வராது, இணையம் இல்லாமல் டிரைவர் இறக்க முடியாது. சில இன்டெல் போர்டுகளில் இன்ஸ்டாலருக்கு எஸ்.எஸ்.டி.யே தெரியாமல் போவதும் உண்டு. டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், வி.எம்.டி. என்ற அமைப்புக்கான டிரைவரைக் கொடுத்தாலோ பயாஸில் அதை நிறுத்தினாலோ தெரியும்.

இதையெல்லாம் கொடியேற்றத்துக்கு முந்தைய வாரத்தில் செய்யக் கூடாது. முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்து, ஒரு முழு நாளை ஒதுக்கிவிட்டுச் செய்யுங்கள்.

பழைய டிஸ்க்கை இரண்டு மூன்று மாதம் பீரோவில் வைத்திருங்கள். மறந்துபோன ஏதோ ஒரு கோப்பு அதற்குள் கட்டாயம் நினைவுக்கு வரும். பிறகும் அதை அப்படியே காயலான் கடைக்குப் போடாதீர்கள். லாட்ஜ் என்றால் வந்து தங்கியவர்களின் அடையாள அட்டை, இ-சேவை என்றால் ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக் நகலும் அதில் இருக்கின்றன. டெலிட் செய்ததும் அவசரமாக ஃபார்மட் அடித்ததும் எளிதில் மீண்டு வரும். முழு டிஸ்க்கையும் ஒரு முறை பூஜ்யத்தால் மேலெழுதச் சொல்லுங்கள். அது ஓடாத டிஸ்க் என்றால் உள்ளிருக்கும் தட்டில் துளை போட்ட பிறகு எடைக்குப் போடுங்கள்.